சாம்பிராணிப் புண்ணாக்கு

என் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், பச்சைமுத்து திண்டிவனத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிற ஒவ்வொருவர் முன்னாலும் மூட்டையைப் பிரித்து, மல்லாட்டைப் புண்ணாக்கில், வேர்க்கடலைப் புண்ணாக்குதான், ஒரு துண்டை உடைத்து, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்குவார். பிறகு மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் துன்றதத்தாம்பா உன் மாட்டுக்குக் குடுக்கறேன்" என்பார். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வந்தவன் கண் கலங்காத குறையாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவான். மனுஷன் ஒரு துண்டு தின்பதும், மாடு நாள் தவறாமல் கிலோக்கணக்கில் தின்பதும் ஒன்றில்லை என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாயில் போட்டுக் காட்டினால் போதும், விஷத்தையும் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

கடையின் இன்னொரு விசேஷம் சாம்பிராணி. தூபக்காலில் கங்கு போட்டு, மூட்டைகளுக்கு நடுவே புகையைச் சுழல விட்டு, கதவைச் சாத்திவிடுவார். அங்கிருந்து வருகிற தீவனத்தில் பூஜை அறை வாசம் அடிக்கும். மாடு வைத்திருக்கிற பெண்கள் மூட்டையை முகர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகாலட்சுமியே மூட்டைக்குள் உட்கார்ந்திருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. உள்ளே உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

புயல் மழையில் விழுப்புரமும் திண்டிவனமும் மிதந்தபோது அவருடைய குடோனுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அடியில் இருந்த மூட்டைகள் ஊறிப்போயின. நல்ல புத்தி உள்ள மனிதன் அவற்றைக் குழி தோண்டிப் புதைத்திருப்பான். இவர் மழை விட்டதும் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் அங்கே கொட்டிக் காயப்போட்டார். சொந்தக்காரர்களை உதவிக்குக் கூப்பிட்டதில் நானும் போயிருந்தேன். கட்டிகட்டியாகப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. ஒரு கட்டியை உடைத்தால் புகை மாதிரி தூள் கிளம்பி எல்லோரும் இருமினார்கள். அவரோ தென்னந்துடைப்பத்தை வைத்துக்கொண்டு பூசணத்தைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார், வாசல் குப்பையைத் தள்ளுவது போல.

"மாமா, இத்த மாடு துன்னா ஆவுமா?" என்று கேட்டேன்.

"நனைஞ்ச நெல்ல காய வெச்சு நாம துன்றதில்லியா? வெயிலு பட்டா அல்லாம் செத்துடும். மீதிய சாம்பிராணி பாத்துக்கும்" என்றார்.

அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி வெள்ளையம்மாள், என் முழங்கையைக் கிள்ளினாள். பெரியவர் பேசும்போது எதிர்க்கேள்வி கேட்கக் கூடாதாம். காய்ந்ததை மில்லில் கொடுத்து அரைத்து, புதுச் சரக்கோடு கலந்து, புதுச் சாக்கில் கட்டினார்கள். எங்கள் மாட்டுக்கு இது வேண்டாம் என்று அன்றைக்கே என் புருஷன் பூமாலையிடம் சொன்னேன். "செரி செரி" என்றார். அவர் அகராதியில் "செரி" என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

அடுத்த மாதமே அண்ணன் பாசமாக அனுப்பிவைத்த மூட்டைகள் லோடு ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கின. மயிலம் ரோட்டில் எங்கள் ஊர். கொட்டகையில் இரண்டு மாடுகள். ஒன்று பால் கறந்துகொண்டிருந்தது. இன்னொன்று செவலை, எட்டு மாதச் சினை. செவலையைக் கன்றிலிருந்து நான்தான் வளர்த்தேன். பொட்டைக் கன்று பிறக்கிற ஊசியாகக் கேட்டுப் போட்டு, அது நின்றதா என்று தவித்து, நின்றது என்று டாக்டர் சொன்ன நாளில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செவலையின் வயிற்றில் இருந்த அந்தக் கன்று நல்லபடியாகத் தரைக்கு வர வேண்டும். அந்த வருஷத்தில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

முதலில் கறவை மாடு தீனியைக் குறைத்தது. பிறகு கழிந்தது, பால் இறங்கியது. அதே சமயத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற சின்னபொண்ணின் மாடு குறைமாதத்திலேயே கன்றை வீசிவிட்டது. அவளும் எங்கள் மூத்தார் கடையில்தான் தீவனம் வாங்குகிறாள். தெரு கூடி ஆராய்ச்சி பண்ணியது. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். செல்போன் டவர் என்றார்கள். வீட்டுக்கு விலக்கானவள் யாரோ கொட்டகைக்குள் போயிருக்கிறாள் என்றார்கள். தீவனம் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. அதுதான் சாம்பிராணி வாசம் அடிக்கிறதே!

நான் கால்நடை டாக்டர் ரோஜாவுக்குப் போன் போட்டேன். வந்தார், மாடுகளைப் பார்த்தார், ஊசி போட்டார். பிறகு தீவன மூட்டையைத் திறக்கச் சொல்லிக் கையை அடிவரைக்கும் விட்டு ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். நடுவில் பச்சை நரம்பு ஓடியிருந்தது.

"இது என்ன வாசனை?"

"சாம்பிராணி மேடம். எங்க மூத்தார் போடறாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. "பூஞ்சை வெயில்ல செத்துடும்மா. அது விட்டுட்டுப் போன விஷம் சாவாது. காய வெச்சாலும் போவாது, கொதிக்க வெச்சாலும் போவாது, புகை போட்டாலும் போவாது. கல்லீரலத் தின்னும். சினை மாட்டுக்கு ரொம்ப ஆபத்து. பால்லயும் எறங்கும்."

"அப்ப சின்னபொண்ணு மாடு கன்னு வீசினது இதனாலதானா?"

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். அதுக்கு வேற நோயும் காரணமா இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்கணும். தீவனத்தையும் டெஸ்டுக்கு அனுப்பறேன். ஆனா ரிசல்ட்டுக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க. இன்னிக்கே நிறுத்துங்க. கோழிக்குக்கூடப் போடாதீங்க. இனிமே வாங்கறதப் பலகை மேல அடுக்குங்க, செவுத்த ஒட்டி வைக்காதீங்க. கட்டி கட்டியிருந்தா வீசிடுங்க."

பக்கத்தில் என் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு, "செரிங்க மேடம், செரிங்க மேடம்" என்று தலையாட்டினார். டாக்டரின் ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் அவர் வாயில் மேடம் "அது" ஆகிவிட்டது.

"அது சொல்றதக் கேட்டுக்கினு நிறுத்த முடியுமா? அண்ணன் வாயில போட்டு மெல்றாரு. வெஷம்னா அவரு செத்திருக்கணுமே?"

"மாடு படிச்சவங்க சொல்றாங்க."

"எந்த ஊருன்னு தெரியுமா அது? அண்ணன் விசாரிச்சிட்டாரு."

ரோஜா டாக்டர் செஞ்சிக்கு அந்தாண்டை ஒரு காலனியில் பிறந்தவர். எங்கள் ஆட்கள் ஒரு டாக்டரின் ஊரை ஏன் விசாரிக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரைக்கும் கையை விட்டுக் கன்றை எடுக்கிறபோது அந்தக் கை எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். கன்று வெளியே வந்த பிறகு ஞாபகம் வந்துவிடும். இந்தப் பிழைப்புக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது எனக்கு.

சின்னபொண்ணிடம் போய், பாலிலும் இறங்குமாம் என்று சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எறங்கட்டுமே. மெட்ராஸுக்குத்தான் போவுது. நாமளா குடிக்கிறோம்?" என்றாள். அவள் பேத்தி அப்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அதே வீட்டு இன்னொரு மாட்டின் பாலைத்தான் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன். "எங்க ஊட்டுக்கு நல்லா காய்ச்சிடுவோம்" என்றாள். இந்த ஜனங்களோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது என்று திரும்பி வந்துவிட்டேன்.

தீனி வைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வரப்புப் புல், வைக்கோல், கேப்பைத் தட்டை, வேறு கடையில் வாங்கிய தவிடு. மூத்தாரின் மூட்டைகளைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன். கறவை மாடு மெல்லத் தேறியது. ஆனால் செவலை மட்டும் மந்தமாகவே நின்றது. எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் பால் சொசைட்டியிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்து பார்த்தால், செவலையின் தொட்டியில் சாம்பிராணி வாசம். தார்ப்பாய் விலகிக் கிடந்தது. என் புருஷன் கையில் புண்ணாக்குத் தண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தார்.

பெண்டாட்டிக்குத் தெரியாமல் சாராயம் குடிக்கப் போகிற ஆம்பிளைகளை ஊரில் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைக்கிற ஆம்பிளையை என் வீட்டில்தான் பார்த்தேன்.

"சாயங்காலமானா அண்ணன் போன் பண்ணி, வெச்சியாடான்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்லட்டும்?" என்றார் பாவம் போல.

"வெச்சேன்னு சொல்லிட்டுப் போவறது."

"அண்ணன்கிட்ட பொய் சொல்ல சொல்றியா?"

அண்ணனிடம் பொய் சொல்ல மாட்டாராம். எனக்குத் தெரியாமல் என் மாட்டுக்கு விஷம் வைப்பாராம். அரிச்சந்திரன் வம்சம்! நான் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பாதி தீர்ந்திருந்த மூட்டையை இழுத்து வண்டியில் வைக்கச் சொன்னேன். "கெளம்புங்க. உங்கண்ணன்கிட்டயே போவோம்."

அன்று வெள்ளிக்கிழமை. கடை வாசலில் கோமாதா பூஜை நடந்துகொண்டிருந்தது. மூத்தார் கடை வாசலில் லட்சுமி என்று ஒரு வெள்ளைப் பசுவைக் கட்டி வைத்திருப்பார். அதற்கு மஞ்சள், குங்குமம், மாலை, கொம்புக்குக் குஞ்சம். வருகிறவர்கள் அதன் பின்பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தீவனம் வாங்குவார்கள். கடையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும், "வாம்மா செண்பகம்" என்று சொல்லிக்கொண்டே, என் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார். டாக்டர் வந்துபோன சேதி அவருக்கு ஏற்கனவே போயிருந்தது. உடனே மூட்டையில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயருகே கொண்டுபோனார்.

"நீங்க துன்னாதீங்க மாமா. லட்சுமிக்கு வைங்க" என்றேன்.

கை அப்படியே நின்றது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமம்மா. லட்சுமி வெரதம்."

கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஆமாமா, கோமாதா வெரதம் இருக்கும்" என்று தலையை ஆட்டினார். மாட்டுக்கு விரதம் என்று சொன்னாலும் தலையாட்ட ஓர் ஆள் இருக்கிற ஊரில்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

"காலைல இருந்து ஆளாளுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கினு இருக்கறீங்களே?"

"பழம் வெரதத்துல சேத்திம்மா. ஒனக்குத் தெரியாது."

இனிமேல் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து லட்சுமியின் முன்னால் கொட்டினேன். கோமாதா விரதத்தை மறந்துவிட்டது. சந்தோஷமாகக் கழுத்தை நீட்டி நாக்கை வெளியே விட்டது. அந்த நிமிஷத்தில் என் மூத்தார், அறுபதைத் தாண்டிய மனிதர், வேட்டி அவிழ்வதையும் பார்க்காமல் பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்தினார்.

"ஏய் வெள்ளையம்மா! மாட்ட உள்ள இஸ்துக்கினு போ! ஜல்தி!"

ஓரகத்தி ஓடிவந்து மாட்டை இழுத்துப் போனாள். தோளில் மூட்டையோடு நின்ற பனமலைக்காரர் ஒருவர் அதை மெதுவாக இறக்கி வைத்தார்.

"இன்னாத்துக்குய்யா வாயப் புடிச்ச?"

"அதுக்கு ஒடம்பு செரியில்லப்பா. ஒத்துக்காது."

"எங்க மாட்டுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

மூத்தார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கீழே விழுந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். இந்த முறை யாரும் அவர் வாயைப் பார்க்கவில்லை. பனமலைக்காரர் போய்விட்டார், இன்னும் சிலர் போனார்கள். எல்லோரும் போய்விடவில்லை. கொஞ்சமாக வைத்தால் ஒன்றும் ஆகாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு இரண்டு பேர் மூட்டை வாங்கிப் போனதையும் நான் பார்த்தேன். சொரணை என்பது கடையில் கிடைக்கிற சரக்கு இல்லையே.

இத்தனையும் பார்த்த என் புருஷன் இனிமேலாவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். வண்டியில் திரும்பினோம். ஊர் எல்லையில் வந்துதான் பேசினார். "நாலு பேரு முன்னாடி அண்ணன அசிங்கப்படுத்திட்ட." அவ்வளவுதான். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி மீதி தூரத்தை நடந்தே வந்தேன்.

கொட்டகையில் செவலை வாலைத் தூக்கி முக்கிக்கொண்டு நின்றது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் ரோஜா வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கன்று பாதி வந்து சிக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் மண்டி போட்டு உட்கார்ந்து, ரத்தமும் நீருமாக மேலெல்லாம் வழிய, அதை வெளியே எடுத்தார். பொட்டைக் கன்றுதான். ரோமம் முளைத்திருந்தது, குளம்பு மஞ்சளாக மெழுகு போல் இருந்தது. உயிர் மட்டும் இல்லை. செவலை திரும்பி அதை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அதுவரை யார் யார் மேலோ எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்தக் கன்றை நினைத்து வந்த துக்கத்துக்கு முன்னால் சிறிதாகத்தான் இருந்தது.

"மாடு பொழைச்சுக்கும்மா" என்றார் டாக்டர். என் புருஷன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினார். பிறகு கன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மூத்தார் வந்தார். சேதி கேட்டு மனசு கேட்கவில்லையாம். வண்டியின் பின்னால் ஒரு மூட்டை. அதை அவரே இறக்கித் தூக்கிவந்து கொட்டகை வாசலில் வைத்தார். பிரித்துக் காட்டினார். உண்மையிலேயே நல்ல புண்ணாக்கு. வெளிர்நிறமாக, எண்ணெய் மினுமினுக்க, மல்லாட்டை வாசம் மட்டும் அடிக்க இருந்தது. சாம்பிராணி போட்டிருக்கவில்லை. அதற்குத் தேவைப்படவில்லை.

"லட்சுமிக்கு வெக்கறதுல இருந்து எடுத்தாந்தேன்டா. செவலைக்குப் போடு. ஒடம்பு தேறட்டும்."

என் புருஷன் குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார்.

"இது எப்பல இருந்து உங்கிட்ட இருக்குதுண்ணா?"

"மொதல்ல இருந்தே இருக்குதுடா. புயல் வருதுன்னு சொன்னப்பவே மாடியில ஏத்தி வெச்சிட்டன் இல்ல?" மூத்தாரின் முகத்தில் தன் சாமர்த்தியத்தைப் பற்றிய பெருமைகூடத் தெரிந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

"செவலைக்கும் சேத்து ஏத்தி வெக்கணும்னு தோணலியாண்ணா?"

"அது கட மாடுடா. நாலு பேரு பாக்கற மாடு. அதுக்கு ஒண்ணுன்னா யாவாரம் இன்னாத்துக்கு ஆவும்?"

என் புருஷன் கையில் இருந்த துண்டை மூட்டைக்குள்ளேயே போட்டார். அதன் வாயைக் கட்டினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் வண்டியில் வைத்துவிட்டு வந்தார். பிறகு, அண்ணன் நிற்கும்போது உட்கார்ந்து பழக்கமே இல்லாத அந்த மனிதர், கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்தார்.

"நீ போண்ணா" என்றார்.

மூத்தார் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

என் புருஷன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. தோள் குலுங்கியது. எனக்கு இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே செவலை கன்றைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. நான் அவரைத் தாண்டி அதனிடம் போனேன்.